நாற்பது நிமிடம் மிதித்தும் உடம்பு அப்படியே இருந்தது ஏன்: ஒரு கிராஸ் ட்ரெய்னர் நிகழ்வு ஆய்வு

இவருக்கு வயது 51. நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் கணக்கு வேலை, எடை 80 கிலோ. வலது முழங்காலில் தேய்மானம் ஆரம்பித்திருக்கிறது, ஓடாதீர்கள், குதிக்காதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இரத்த அழுத்தத்துக்குத் தினமும் ஒரு மாத்திரை. ஜிம்மில் சேர்ந்து அரை வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாரத்தில் நான்கு நாள், ஒவ்வொரு நாளும் நாற்பது நிமிடம், கிராஸ் ட்ரெய்னரில் தவறாமல் ஏறிவிடுவார். எடை அசையவில்லை, இரண்டு மாடி ஏறினால் முன்பு வாங்கிய அதே மூச்சு இப்போதும் வாங்குகிறது. "தம்பி, இந்த மெஷினே எனக்கு ஒத்துவரலைன்னு நினைக்கிறேன், வேற ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டுத்தான் என்னிடம் வந்தார்.

நான் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவன். இவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் இல்லை, அடையாளம் தெரியும்படியான விவரங்களும் இல்லை. எழுதக் காரணம் ஒன்றுதான். கிராஸ் ட்ரெய்னரில் பலன் இல்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் இவர் செய்த அதே விதத்தில்தான் செய்கிறார்கள். இவர் விஷயத்தில் மெஷினை மாற்றவில்லை, நாட்களைக் கூட்டவில்லை, மொத்த நேரம் ஆரம்பத்தில் குறையவே செய்தது. மாறியது மிதித்த விதம் மட்டும்தான் (கூடவே சிறிது வலுப் பயிற்சி, அதைப் பின்னால் சொல்கிறேன்). மூன்று மாதத்தில் இதயமும் மூச்சும் வேறு ஆளுடையவை போல ஆகிவிட்டன.

முதலில் அந்த மெஷின் என்ன செய்கிறது

நீள்வட்டப் பாதையில் கால் சுழலும் இந்த மெஷினை (எலிப்டிகல் என்பதும் இதுதான்) 1995-ல் பிரீகோர் நிறுவனம் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் சாரம் இதுதான்: கால் பெடலை விட்டு எழுவதே இல்லை. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பு ஒரு கணம் காற்றில் இருந்து தரையில் விழுகிறது, அந்த மோதலில் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் வந்து இறங்குகிறது. கிராஸ் ட்ரெய்னரில் அந்த விழுதலும் இல்லை, மோதலும் இல்லை. குதிகால் தரையில் படும்போது சட்டென்று ஏறும் அதிர்வு நடையில்கூட கொஞ்சம் உண்டு, இங்கே அதுவும் மிகக் குறைவு.

ஆனால் இதை வைத்து "முழங்காலுக்கு வேலையே இல்லை" என்று முடிவு கட்டினால் தப்பு. நடையை விட இதில் முழங்காலும் இடுப்பும் அதிகமாக மடங்குகின்றன, மடங்கிய நிலையிலிருந்து உடம்பைத் தள்ள முன்தொடைத் தசை நன்றாகவே உழைக்க வேண்டியிருக்கிறது. அதிர்ச்சி குறைவு, உழைப்பு குறைவில்லை. இந்த வித்தியாசம் புரியாததால் இவர் நடுவில் ஒரு சிக்கலில் மாட்டினார், அதற்கும் வருகிறேன்.

அப்புறம் எல்லோரும் கேட்கும் கேள்வி: டிரெட்மில்லில் ஓடுவதற்கு இது ஈடாகுமா? இதயத்தையும் நுரையீரலையும் பொறுத்தவரை ஆகும். ஒரே அளவு சிரமமாகத் தோன்றும் வேகத்தில் செய்தால் உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 2004-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் பெண்களை மூன்று குழுவாகப் பிரித்து, 12 வாரம் ஒரு குழுவை டிரெட்மில்லிலும், ஒன்றைப் படியேறும் மெஷினிலும், ஒன்றை எலிப்டிகலிலும் பயிற்சி செய்ய வைத்தார்கள். உடம்பு உச்சபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு மூன்று குழுவிலும் ஒரே மாதிரி உயர்ந்தது. இதயத்துக்கு எந்த மெஷினில் நிற்கிறோம் என்று தெரியாது, எவ்வளவு இரத்தம் கேட்கிறார்கள் என்பதுதான் தெரியும். அப்படியானால் இவருக்கு மட்டும் ஏன் பலன் வரவில்லை?

முதல் நாள் கவனித்தது

எதையும் திருத்தாமல், வழக்கம்போல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ரெசிஸ்டன்ஸ், அதாவது பெடல் காலை எதிர்க்கும் அளவு, லெவல் 2. அந்த மெஷினில் மொத்தம் 20 லெவல் உண்டு. வேகம் நிமிடத்துக்கு 70 சுற்றுக்கு மேல். பார்ப்பதற்குச் சுறுசுறுப்பாக இருக்கும், ஆனால் அந்த லெவலில் அந்த வேகத்தில் உள்ளே சுழலும் கனமான சக்கரமே பெடலைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. ஊஞ்சல் ஒரு முறை தள்ளிவிட்டால் தானாக ஆடுகிற மாதிரிதான். கால் கூடவே போய்வருகிறது, தள்ளவில்லை.

கைகள் அசையும் நீளக் கைப்பிடியில் இல்லை. நடுவில் இருக்கும் அசையாத பிடியில் முழங்கையை நேராக்கி ஊன்றியிருந்தார், மணிக்கட்டு பின்னுக்கு மடங்கி விரல்நுனி வெளுத்திருந்தது. அந்த வெளுப்பு நிறையச் சொல்கிறது. உடம்பின் பாரத்தில் நல்ல ஒரு பங்கை கை சுமக்கிறது, காலுக்குப் போக வேண்டிய வேலை அங்கே வடிகிறது. இடுப்பு பின்னால் தள்ளி, முதுகு வளைந்து, தலை ஃபோன் திரையை நோக்கிக் குனிந்திருந்தது. குதிகால் இரண்டும் பெடலிலிருந்து எழும்பி, முழு எடையும் முன்பாதத்தில்.

பதினைந்தாவது நிமிடம் போல வலது காலை ஒரு உதறு உதறினார். கேட்டால், "தினமும் இப்படித்தான் தம்பி, கொஞ்ச நேரத்துல பாதம் மரத்துப் போயிடும்" என்றார். கிராஸ் ட்ரெய்னரில் பாதம் மரத்துப்போவது ரொம்பச் சாதாரணமாக நடக்கும் விஷயம். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் கால் எழுந்து இறங்குவதால் பாதத்தின் அழுத்தம் மாறிக்கொண்டே இருக்கும். இங்கே பாதம் எழுவதே இல்லை, அதிலும் குதிகாலைத் தூக்கி நின்றால் விரல்களுக்குப் பின்னால் உள்ள நரம்புகள் விடாமல் நசுங்குகின்றன. ஷூவின் நாடாவை இறுக்கிக் கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

மார்புப் பட்டை மாட்டிப் பார்த்தபோது இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 96. நாற்பது நிமிடமும் 94-க்கும் 99-க்கும் இடையிலேயே இருந்தது. வியர்வை இருந்தது, அதனால் உழைக்கிறோம் என்ற எண்ணமும் இருந்தது. ஆனால் என்னோடு இடைவிடாமல் பேசிக்கொண்டே வந்தார், ஒரு வாக்கியம்கூட நடுவில் உடையவில்லை.

இந்த 96-ஐக் கொஞ்சம் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். உச்சபட்ச இதயத் துடிப்பை மதிப்பிட 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கிற சூத்திரம் ஒன்று உண்டு, 220-லிருந்து வயதைக் கழிக்கும் பழைய சூத்திரத்தை விட வயதானவர்களுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. இவருக்கு 172 வருகிறது. மிதமான உழைப்பு என்றால் அதில் 64 முதல் 76 சதவீதம், அதாவது 110 முதல் 131 வரை. கடினமான உழைப்பு அதற்கும் மேல். இவர் மிதமான எல்லையின் வாசலைக்கூடத் தொடவில்லை. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாகவோ, 75 முதல் 150 நிமிடம் கடினமாகவோ உழைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. காகிதத்தில் பார்த்தால் இவர் வாரத்துக்கு 160 நிமிடம் செய்கிறார், பரிந்துரைக்குள் வந்துவிட்டார். நிஜத்தில் அந்த 160 நிமிடத்தில் ஒன்றுகூட மிதமான உழைப்பாகக் கணக்கில் சேராது.

இந்தச் சூத்திரங்கள் எல்லாம் தோராயம்தான், ஒரே வயதுக்காரர்கள் இருவருக்குள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு வித்தியாசம் சர்வசாதாரணம். இரத்த அழுத்த மாத்திரைகளில் பீட்டா பிளாக்கர் என்ற வகை இதயத் துடிப்பையே அடக்கி வைக்கும், அதைச் சாப்பிடுபவர்களுக்கு இந்த எண்கள் செல்லாது. இவருடைய மாத்திரை அந்த வகை இல்லை என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டபிறகே எண்ணை வைத்துப் பேச ஆரம்பித்தோம்.

திரையில் தெரிந்த கலோரி

நாற்பது நிமிடம் முடிந்ததும் திரை 420 கலோரி என்று காட்டியது. இவர் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார், அந்த நம்பிக்கையில் சாப்பாட்டில் கொஞ்சம் தாராளம் காட்டியதையும் மறைக்காமல் சொன்னார். கணக்குப் போடுவோம். எலிப்டிகலில் மிதமாகச் செய்தால் ஓய்வில் செலவாகும் சக்தியைப் போல் 5 மடங்கு செலவாகும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. 80 கிலோ உள்ளவருக்கு அது நிமிடத்துக்கு 7 கலோரி, நாற்பது நிமிடத்துக்கு 280. அதிலும் சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும் 56-ஐக் கழித்தால் கூடுதலாகக் கிடைத்தது 224. இதுவும் மிதமாகச் செய்தால்தான், இவர் செய்ததோ அதற்கும் கீழே.

மெஷின் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது சுற்று வேகமும் லெவலும் மட்டும்தான், எடையை நாம் பதிந்தால் அதுவும் தெரியும். கையில் எவ்வளவு பாரத்தை ஊன்றியிருக்கிறோம், சக்கரத்தின் வேகத்தில் எவ்வளவு ஓசியாகப் போகிறோம் என்பது அதற்குத் தெரியாது. இவர் எடையைப் பதிந்ததே இல்லை. அன்றிலிருந்து அந்தக் கலோரி எண் தெரியும் இடத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடச் சொன்னேன்.

என்ன மாற்றினோம்

முதல் மூன்று வாரம் நேரத்தை இருபது நிமிடத்துக்குக் குறைத்தோம். இவருக்கு இது பிடிக்கவில்லை, நாற்பதே போதவில்லை, இருபதில் என்ன ஆகும் என்று கவலைப்பட்டார். லெவலை 6-க்கு ஏற்றி, வேகத்தை 50 முதல் 55 சுற்றுக்கு இறக்கினோம். முதல் நாள் ஐந்தாவது நிமிடத்திலேயே, "தம்பி, இது வேற மெஷின் மாதிரி இருக்கு" என்றார். இதயத் துடிப்பு 128.

நிற்கும் விதத்தில் நான்கைந்து விஷயங்களைத் திருத்தினோம். குதிகால் பெடலில் படிய வேண்டும், தள்ளும் விசை குதிகால் வழியாகப் போக வேண்டும். குதிகாலை அழுத்தினால் பின்தொடையும் பிட்டமும் வேலைக்கு வருகின்றன, முன்பாதத்தில் மட்டும் நின்றால் கெண்டைக்காலும் முன்தொடையும் மட்டுமே மாட்டிக்கொள்கின்றன. தலை நிமிர்ந்து, பார்வை நேராக, தோள் காதை விட்டு இறங்கி இருக்க வேண்டும். ஃபோன் பையில். கை அசையும் கைப்பிடியில், லேசான பிடி. அதிலும் பலர் கையை வெறுமனே வைத்துக்கொண்டு கைப்பிடி போகும் போக்கில் போய்வருவார்கள், அதில் பயனில்லை. ஒரு கை தள்ளும்போது மார்பும் கையின் பின்தசையும் உழைக்க வேண்டும், மறு கை இழுக்கும்போது முதுகு உழைக்க வேண்டும். காலோடு சேர்ந்து இத்தனை தசைகளும் ஒரே நேரத்தில் இரத்தம் கேட்பதுதான் இந்த மெஷினின் தனிச் சிறப்பு. கால் வேலையைக் கொஞ்சமும் கூட்டாமலேயே இதயத்தின் வேலையைக் கூட்ட முடியும், முழங்கால் வலி உள்ளவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

மரத்துப்போன பாதத்துக்கு வைத்தியம் எளிது. நாடாவைத் தளர்த்தினோம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை விரல்களை ஷூவுக்குள் மடக்கி விரிக்கச் சொன்னேன், குதிகால் படிந்ததும் பாதிப் பிரச்சினை தானாகவே போனது. இரண்டு வாரத்துக்குப் பிறகு அந்தப் பேச்சே வரவில்லை.

உழைப்பை அளக்க இரண்டு வழி வைத்தோம். ஒன்று மார்புப் பட்டை. இன்னொன்று பேச்சு: முழு வாக்கியம் பேச முடியும், ஆனால் பாட்டுப் பாட முடியாது என்றால் மிதம், நான்கு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் கடினம். ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் போர்க் உருவாக்கிய 6 முதல் 20 வரையிலான சிரம அளவுகோல் ஒன்றும் உண்டு, பட்டை இல்லாதவர்களுக்கு அது மிக உதவும், அதில் 12, 13 என்று தோன்றினால் மிதமான உழைப்பு. என் அனுபவத்தில் பேச்சுப் பரிசோதனையே சீக்கிரம் பிடிபடுகிறது. மாத்திரை எது சாப்பிட்டாலும் அது ஏமாற்றாது.

நான்காவது வாரத்திலிருந்து இரண்டு நாள் ஒரே சீராக 30 முதல் 35 நிமிடம், மற்ற இரண்டு நாள் ஏற்ற இறக்கமாக. ஏற்ற இறக்கம் என்றால் ஐந்து நிமிடம் வார்ம்-அப், பிறகு ஒரு நிமிடம் லெவல் 9 அல்லது 10-ல் அழுத்தி, இரண்டு நிமிடம் லெவல் 4-ல் மூச்சு வாங்கிக்கொள்வது, இப்படி ஆறு முறை, போகப்போக எட்டு. எட்டாவது வாரத்துக்கு மேல், மருத்துவரின் சம்மதம் வாங்கிக்கொண்டு, நான்கு நிமிட நீளமான ஏற்றங்களுக்குப் போனோம். நார்வேயில் ஆய்வு செய்து பிரபலமான முறை இது: நான்கு நிமிடம் உச்சத் துடிப்பின் 90 முதல் 95 சதவீதத்தில், நடுவில் மூன்று நிமிடம் இளைப்பாறல், மொத்தம் நான்கு முறை. இவருக்கு நான் அவ்வளவு தூரம் போகவில்லை, 146-லிருந்து 155-க்குள் நிறுத்திக்கொண்டு மூன்று முறையோடு முடித்தோம். முதல் முறை முடிந்ததும் பேசவே இல்லை, தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டிக் காட்டினார், எடுத்துக் கொடுத்தேன்.

வாரத்தில் இரண்டு நாள் வலுப் பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தாழ்ந்த பலகையில் ஏறி இறங்குவது, குதிகால் உயர்த்துவது, பளுவை இடுப்பிலிருந்து குனிந்து தூக்குவது, கயிற்றை மார்புக்கு இழுப்பது. இருபது நிமிட வேலை.

ஆறாவது வாரத்தில் வந்த முழங்கால் வலி

ஒரு நாள் இவர் தானாகவே மெஷினின் சாய்வை, அதாவது பெடல் பாதை மேல்நோக்கிச் சரியும் அளவை, உச்சத்துக்கு ஏற்றிவிட்டார். லெவலை ஏற்றியதில் இவ்வளவு பலன் என்றால் சாய்வையும் ஏற்றினால் இன்னும் வருமே என்ற ஆர்வம்தான். மறுநாள் முழங்கால் சில்லுக்குக் கீழே, படி இறங்கும்போது குத்தலான வலி.

இங்கேதான் ஆரம்பத்தில் சொன்ன வித்தியாசம் முக்கியமாகிறது. சாய்வு ஏற ஏற முழங்கால் இன்னும் அதிகமாக மடங்கிய நிலையிலிருந்து தள்ள வேண்டிவருகிறது, சில்லு எலும்பு தொடை எலும்பின் மேல் அழுந்தும் விசை கூடுகிறது. பின்னோக்கி மிதிப்பதும் முன்தொடையைக் கூடுதலாக வேலை வாங்கும், வலு சேர்க்க நல்ல உத்திதான், ஏற்கனவே சில்லு வலி இருப்பவருக்கு மட்டும் அது உடனே வேண்டாம். சாய்வைக் கீழே இறக்கி, லெவலை ஒன்று குறைத்து, நான்கு நாள் லேசாக மட்டும் செய்ய வைத்தேன். வலி அடங்கியது. அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தோம்: பயிற்சியின்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும், ஒரு வாரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் ஏற்ற வேண்டும், அது நேரமோ, லெவலோ, சாய்வோ எதுவாக இருந்தாலும் சரி. வீக்கம் வந்தாலோ முழங்கால் இடறி மடங்கினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவருக்கு அப்படி எதுவும் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து

ஆரம்பத்தில் ஒரு சோதனை செய்து வைத்திருந்தோம்: லெவல் 6, 55 சுற்று, ஆறு நிமிடம், முடிவில் துடிப்பு எவ்வளவு. அப்போது 134, மூன்று மாதத்துக்குப் பின் 118. வேலை அதே, இதயம் அதைச் செய்ய 16 துடிப்பு குறைவாக எடுத்துக்கொள்கிறது. இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமான எண் இதுதான், எடை இல்லை.

ஏன் குறைகிறது என்றால், முதல் சில வாரங்களிலேயே இரத்தத்தின் திரவ அளவு கூடுகிறது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தைத் தள்ளத் தொடங்குகிறது. பிறகு தசைக்குள் ஆக்சிஜனைச் சக்தியாக மாற்றும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன, மெல்லிய இரத்த நாளங்கள் கூடுகின்றன, வருகிற இரத்தத்திலிருந்து தசை இன்னும் திறமையாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. லெவல் 2-ல் ஓசியாகச் சுற்றியபோது இவற்றுக்குத் தேவையே எழவில்லை. தேவை எழாமல் உடம்பு எதையும் கட்டாது.

காலையில் எழுந்ததும் எடுக்கும் ஓய்வுத் துடிப்பு 81-லிருந்து 73. கடினமான பயிற்சி முடிந்து, லேசாக மிதித்துக்கொண்டிருக்கும் முதல் நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பது முன்பு 15, இப்போது 24. இந்த எண்ணைப் பலர் கண்டுகொள்வதில்லை. இது 12-ஐத் தாண்டாமல் இருந்தால் மருத்துவர்கள் அதைக் கவனிக்க வேண்டிய விஷயமாகப் பார்க்கிறார்கள், எனவே ஜிம்மில் யார் வேண்டுமானாலும் செய்துபார்க்கக்கூடிய பயனுள்ள அளவீடு.

இரத்த அழுத்த அளவுகள் இறங்கியிருந்தன, மருத்துவர் மாத்திரையை மாற்றவில்லை, இப்படியே தொடருங்கள் என்றார். இது எதிர்பார்த்ததுதான். அழுத்தம் அதிகம் உள்ளவர்களுக்கு முறையான ஏரோபிக் பயிற்சி மேல் அளவைச் சுமார் 5 முதல் 8 புள்ளி வரை குறைக்கும், ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் சில மணி நேரம் அழுத்தம் தாழ்ந்தே இருக்கும். சர்க்கரையைப் பொறுத்தும் இதே மாதிரி ஒரு விஷயம் உண்டு: உழைக்கும் தசை இன்சுலின் உதவி இல்லாமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது, பயிற்சிக்குப் பின் ஒன்றிரண்டு நாள் இன்சுலினும் நன்றாக வேலை செய்கிறது. அதனால்தான் வாரத்தில் நான்கு நாளைத் தொடர்ச்சியாக வைக்காமல் இடைவெளி விட்டுப் பரப்பி வைக்கச் சொல்கிறேன்.

எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் குறைந்தது, இடுப்புச் சுற்றளவு 5 சென்டிமீட்டர். எடையைப் பார்த்து இவர் முகம் கொஞ்சம் வாடியது உண்மை. மூன்று மாத உழைப்புக்கு இரண்டு கிலோவா? மேலே போட்ட கலோரிக் கணக்கைத் திரும்பக் காட்டினேன். எடை பெரிய அளவில் இறங்குவது தட்டில்தான் தீர்மானமாகிறது, கிராஸ் ட்ரெய்னர் அதற்குத் துணை. மூச்சு, இரத்த அழுத்தம், உற்சாகம், தூக்கம் இவற்றுக்காகத்தான் இந்த மெஷினில் ஏற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன், எடையை மட்டும் பார்த்து ஏறுபவர்கள் இரண்டாவது மாதத்தில் இறங்கிப் போய்விடுகிறார்கள். நல்லவேளையாக, அதே வாரம் இவர் அலுவலகத்தில் லிஃப்ட் பழுதாகி நான்கு மாடி ஏற வேண்டிவந்தது. மேலே போனதும் ஃபோன் செய்தார்: "தம்பி, நடுவுல நிக்கவே இல்ல, மேல வந்து உடனே உங்ககிட்ட பேசுறேன் பாருங்க." வாக்கியம் உடையாமல்தான் வந்தது.

முழங்கால் வலியும் குறைந்தது. இதன் புகழை மெஷினுக்கு மட்டும் கொடுக்க மாட்டேன். முப்பது விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்ற சோதனையில் 10-லிருந்து 14-க்கு வந்திருந்தார், அதில் பெரும்பங்கு வலுப் பயிற்சியுடையது, வலுவான தொடைத் தசைதான் முழங்காலுக்கு முதல் பாதுகாப்பு. இரண்டையும் சேர்த்தே செய்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல இந்த ஒரு ஆளின் கதை போதாது.

இந்த மெஷின் தராதவை

எலும்பு. அதிர்வு இல்லை என்பது மூட்டுக்கு வரம், எலும்புக்கு அதுவே குறை. தட்டும் விசையும் இழுக்கும் பளுவும் கிடைத்தால்தான் எலும்பு தன்னை உறுதியாக்கிக்கொள்ளும். மாதவிடாய் நின்றபின் எலும்பு அடர்த்தி வேகமாகக் குறையும் வயதில் இருக்கும் ஒரு பெண் கிராஸ் ட்ரெய்னரை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது. பளு தூக்குவதும், மூட்டு அனுமதிக்கும் அளவுக்குத் தரையில் நடப்பதும் கட்டாயம் வேண்டும்.

சமநிலையும் அப்படித்தான். இரண்டு பாதமும் பெடலில் பதிந்து, இரண்டு கையும் பிடித்துக்கொண்டு, பாதை முன்கூட்டியே தீர்மானமாகி இருக்கிறது. தடுமாறி விழாமல் இருக்கும் திறமைக்கு இதில் பயிற்சி கிடையாது. ஒற்றைக் காலில் நிற்பது, பக்கவாட்டில் நடப்பது இவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

ஓட்டப் பந்தயத்துக்குத் தயாராகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காயம் ஆறும் காலத்தில் மூச்சுத் திறனைக் கைவிடாமல் காப்பாற்ற இது அருமையான மெஷின், ஆனால் தரையில் விழும் அடியைத் தாங்கக் காலைப் பழக்க ஓட்டத்தால் மட்டுமே முடியும். திரும்பும்போது படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும்.

மெஷின் தேர்வு பற்றிப் பலர் கேட்பதால் சுருக்கமாக: பெடல் முன்னும் பின்னும் போகும் நீளத்தைப் பாருங்கள். வீட்டுக்கென்று வரும் சிறிய மெஷின்களில் 14 முதல் 18 அங்குலம், ஜிம் மெஷின்களில் 20 அங்குலத்தை ஒட்டி. உயரமானவர் குறுகிய மெஷினில் ஏறினால் படியேறுவது போலக் குதித்துக் குதித்துத்தான் மிதிக்க முடியும், முழங்கால் சீக்கிரம் முனகும். இரண்டு பெடலுக்கும் இடையே உள்ள அகலம் குறைவாக இருந்தால் இடுப்புக்கு நல்லது. வாங்குவதற்கு முன் ஷூ போட்டுக்கொண்டு பத்து நிமிடமாவது மிதித்துப் பாருங்கள், இரண்டு நிமிடத்தில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் இருக்கும். இறங்கும்போது சக்கரம் முழுதாக நிற்கும்வரை காத்திருங்கள், அவசரத்தில் இறங்கிக் கணுக்காலில் பெடல் அடித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், இவற்றில் எது வந்தாலும் லெவலைக் குறைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். நிறுத்துங்கள், உடனே மருத்துவ உதவி தேடுங்கள். இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், சமீபத்தில் அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் கடினமான ஏற்றங்களுக்குப் போகும் முன் மருத்துவரிடம் பேசியே ஆக வேண்டும்.

இவர் இப்போது வாரத்துக்கு மூன்று நாள் கிராஸ் ட்ரெய்னர், அதில் ஒன்று நான்கு நிமிட ஏற்றங்கள். வலுப் பயிற்சி இரண்டு நாள், மீதி நாட்களில் நடை. எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்டிருக்கிறார், அதன் முடிவைப் பொறுத்துப் பளுவை எவ்வளவு ஏற்றலாம் என்று முடிவு செய்வோம். லெவல் 6, 55 சுற்று, ஆறு நிமிடச் சோதனையை இனி ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் திரும்பச் செய்யப்போகிறோம், துடிப்பு இறங்குவது நின்றுவிட்டால் ஏற்றங்களின் நீளத்தை மாற்றுவதாகத் திட்டம்.